பச்சைக் குறி போட்ட வீடு

பூமி குலுங்கியபோது ஏழூற்றில் யாரும் எழுந்திருக்கவில்லை.

கழுகுக்கரட்டில் கல்குவாரி வந்த நாளிலிருந்து நிலம் அதிர்வது அந்த ஊருக்குப் பழகிப்போன ஒன்று. வெடி வைத்தால் தட்டு நடுங்கும். கூரை மண் சோற்றில் உதிரும். ஊதித் தள்ளிவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பார்கள். அன்றைக்கும் வெடி என்றுதான் நினைத்தார்கள்.

சங்கக் கட்டடத்தில் மாசிலாமணி பேசிக்கொண்டிருந்தார். கல்லுடைக்கும் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"பாருங்க தோழர்களே! நாம இங்க மனு எழுதுறோம், அவன் அங்க வெடி வைக்கிறான்!" என்றார்.

கைதட்டல்கூட விழுந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் மேடையின் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்தது.

மேடைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. ஆனாலும் வெளியே வந்து முதலில் நின்றவர் மாசிலாமணிதான். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

தடியடிக்கு முன்னால் நின்றே தலை நரைத்த மனிதர் அவர். கூலி கேட்டு நடந்த மறியலில் ஒடிந்த மணிக்கட்டு வளைந்தபடியே கூடிவிட்டது. அதை மறைக்க அவர் முழுக்கைச் சட்டை போட்டதில்லை. 'ஓடுகிறவனுக்குக் கோரிக்கை கிடையாது' என்று துண்டறிக்கையில் அச்சடித்து, அந்த ஊர்ச் சுவர்களில் தன் கையாலேயே ஒட்டியவர். அந்தச் சுவர்களில் பாதி இப்போது விழுந்து கிடந்தன.

சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள். வீடுகளில் இருந்தவர்களில் பலர் தப்பவில்லை. ஆம்புலன்ஸ் வரப் பாதை இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஊரே இறங்கியது. முதலாளிக்குக் கல் புரட்டிய கைகள் சொந்தப் பிள்ளைகள் மேல் கிடந்த கல்லைப் புரட்டின. எந்தக் கல்லை முதலில் எடுத்தால் எது சரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தொழில் அவர்களுக்குக் கொடுத்த ஒரே லாபம் அது.

செத்தவர்களைப் புதைத்துவிட்டு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். அப்போது டீக்கடைச் சீனிச்சாமிதான் வாயைத் திறந்தான்.

"தலைவர் எதுலயும் முன்னணிதாம்ப்பா. நான் கதவைத் தேடுறேன், அவரு ரோட்டுல நிக்கிறாரு!"

ஊர் சிரித்தது. அத்தனை பிணங்களுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. சிரித்தபடியே சிலர் அழுதார்கள். மாசிலாமணியும் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, வழக்கம்போலப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பொறியாளர்கள் வந்தார்கள். அவர்கள் மூக்கைப் பொத்தவில்லை. வீடு வீடாகப் போய்ச் சுவரைத் தட்டினார்கள், விரிசலில் விரல் விட்டுப் பார்த்தார்கள், பெயிண்ட் வாளியைத் திறந்தார்கள். இனிக் குடியிருக்கக் கூடாத வீட்டுக்குச் சிவப்புக் குறி. குடியிருக்கலாம் என்றால் பச்சைக் குறி.

மாசிலாமணி தன் தோளில் கல் சுமந்து கட்டிய வீடு கதவோரம் ஒரு சின்னக் கீறலோடு நின்றது. அதற்குப் பச்சை.

அன்று மாலை மைதானத்தில் அவர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார்.

"சிவப்புக் குறி வீட்டுக்காரனுக்கு அரசாங்கம் வீடு கட்டித் தர்ற வரைக்கும் பச்சைக் குறி வீட்டுக்காரனும் உள்ள போகக் கூடாது. பாதிப் பேரு உள்ள போயிட்டா மீதிப் பேரை மறந்துருவான். எல்லாரும் வெளியதான்!"

நியாயமான கோரிக்கை. அரசாங்கம் எதை மறக்கும், எப்போது மறக்கும் என்பதை அந்த ஊர் அனுபவத்தில் கற்றிருந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குக் கொடுத்த பிளாஸ்டிக் தாள் காற்றில் கிழிந்தது. பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடியது.

மாசிலாமணியின் மருமகள் தனக்கொடி கைக்குழந்தைக்காரி. அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். குழந்தைக்கு முதலில் சளி வந்தது, பிறகு இருமல், பிறகு மூச்சில் ஒரு சீழ்க்கைச் சத்தம்.

"மாமா, ஈரத்துல போடாதீங்கன்னு நர்சம்மா திட்டிட்டுப் போவுது. நம்ம வீடு பச்சைதானே?"

"நாம போனா நாளைக்கு எல்லாரும் போவாங்கம்மா. சிவப்புக் குறிக்காரன் தனியா நிப்பான்."

"சிவப்புக் குறி போட்ட பேச்சியக்காவே சொல்லுது மாமா, 'பிள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போடி, நானும் என் மக்களும் உன் வீட்டுலயே வந்து முடங்கிக்கிறோம்'னு. பச்சை வீட்டுக்கு ரெண்டு குடும்பம்னு போனா ஊரே நனையாம இருந்துக்கிட்டுப் போராடலாமுல்ல?"

மேடையில் எந்த எதிர்க்கேள்விக்கும் திணறாத மாசிலாமணி ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கும்மா."

"பிள்ளைக்கு இருமல்னு ஒண்ணு இருக்கு மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கரட்டடி மடத்தைப் பார்த்து நடந்தார்.

அந்த மடத்துக்குத் தலைவி அங்கம்மை. மாசிலாமணியின் மகள் வயதுதான் இருக்கும். பல வருஷங்களுக்கு முன், மடத்து நிலத்தை உழுகிறவனுக்கே கொடு என்று கொடி பிடித்துக்கொண்டு அங்கே போனவர் மாசிலாமணி. மணிக்கணக்கில் பேசத் தயாராக வந்திருந்தார். தொடங்கி ஒரு நிமிஷம் ஆவதற்குள், "சரி, எடுத்துக்கங்க" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். மீதிப் பேச்சு நெஞ்சிலேயே நின்றதால் மறுநாளும் போனார். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. ஊரார் அவரை மடத்துச் சீடன் என்று கேலி பேசினார்கள். "நான் அங்க எதிர்க்கட்சி" என்பார் அவர்.

அவர் போனபோது அங்கம்மை முகாமுக்குக் கஞ்சி காய்ச்சி இறக்கிக்கொண்டிருந்தார். மடத்துச் சமையல்கட்டு தரையோடு தரையாகிவிட்டது. தகரம் மறைத்த மூன்று கல் அடுப்பு. பக்கத்தில் மடத்துப் பசு.

"வாங்க தோழரே. எதிர்க்கட்சிக்கு இன்னைக்கு என்ன தீர்மானம்?"

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"ஒரு கேள்வி இருக்கு. இந்த சனங்க பயத்தை எப்படிப் போக்குறது?"

"எந்த சனங்க?"

"முகாம்ல இருக்கிறவங்க. ஒரு லாரி போனாக்கூட எந்திரிச்சு ஓடுறாங்க."

"நானும் ஓடுறேன்" என்றார் அங்கம்மை, கரண்டியைத் தட்டியபடி. "அதுக்காகவா அவங்கள உள்ள விடாம வச்சிருக்கீங்க?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. பேசத் தொடங்கினார். சிவப்புக் குறியைப் பற்றிப் பேசினார். ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். பச்சைப் பெயிண்ட் அரசாங்கத்தின் செலவைக் குறைக்கும் தந்திரம் என்றார். அங்கம்மை கஞ்சியை வாளிகளில் ஊற்றி முடிக்கும்வரை கேட்டார்.

"பச்சைக் குறி பொய்யின்னு சொல்றீங்களா?"

"பொய்யா இருக்கலாம்."

"உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"சிவப்புக் குறிக்காரங்களுக்கு வீடு கேக்குறது சரி. விடாதீங்க. ஆனா அந்தப் பேச்சி மழையில நனையாம இருந்துக்கிட்டே தன் வீட்டைக் கேக்கக் கூடாதா?"

தனக்கொடியும் இதையேதான் கேட்டிருந்தாள். அவர் வளைந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

அங்கம்மை பசுவிடம் போய்ப் பால் கறந்தார். செம்பை முந்தானையால் மூடினார்.

"வாங்க, போவோம்."

"எங்க?"

"உங்க வீட்டுக்கு. பால் காய்ச்சித்தானே குடி போகணும்?"

"பால் காய்ச்சுறது புது வீட்டுக்கு. அது பழைய வீடு."

"அந்த வீடு குலுங்கி முன்ன பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப அது உங்களுக்குத் தெரிஞ்ச வீடில்ல தோழரே. புதுசுதான்."

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

"பால் காய்ச்சுறது, பசுமாட்டை முன்னால விடுறது எல்லாம் மூடநம்பிக்கை. அதை எதிர்த்து நான் கூட்டம் போட்டவன்."

"ரொம்பச் சரி. மாடு வேண்டாம். நீங்க முதல்ல போங்க."

அங்கம்மை தூறலில் முன்னால் நடந்தார். மாசிலாமணி பின்னால் நடந்தார்.

மடத்து அம்மா கையில் பால் செம்போடு ஊருக்குள் போகிறாள் என்றதும் முகாம் எழுந்து பின்னாலேயே வந்தது. தனக்கொடி குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். பேச்சி வந்தாள். முகாமில் டீச்சட்டியைப் போட்டது போட்டபடி சீனிச்சாமி வந்தான். நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் அத்தனை பேர் சேர்ந்து நடந்தது இல்லை. இரண்டு பக்கமும் கற்குவியல்கள். ஒரு குவியலின் மேல் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிப் பையை எடுத்து வைத்திருந்தார்கள். எடுத்துப்போக அந்த வீட்டில் ஆள் இல்லை.

மாசிலாமணியின் வீட்டு வாசலில் அங்கம்மை நின்றார். பச்சைக் குறியைப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். குனிந்து, கால் நுழைக்கும் பக்கம் வீட்டைப் பார்க்க, நுனி தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

கதவைத் திறந்தார். முற்றத்து ஓரம் கிடந்த அம்மிக் குழவியை உருட்டி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார். உள்ளே போய் அடுக்களைப் பலகையின் விளிம்பில் எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கினார். லேசாகத் தொட்டாலே சரியும் அடுக்கு. எல்லாம் தெருவிலிருந்தே தெரிந்தது.

மாசிலாமணி வாசற்படிக்கு வெளியே நின்றபடி கேட்டார்.

"குழவி எதுக்கு?"

"கதவு இறுகிக்கிட்டா ஓட முடியாதே."

"செருப்பு?"

"தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லு. வெறுங்காலோட எப்படி ஓடுறது?"

"டம்ளர்?"

"எப்ப ஓடணும்னு அது சொல்லும்."

"ஓடுறதுக்காகவா உள்ள போறீங்க?"

"பால் காய்ச்சப் போறேன்" என்றார் அங்கம்மை. "நீ பிள்ளையோட அங்கயே நில்லு தனக்கொடி. பொங்கினதும் கூப்பிடுறேன். பேச்சி, உனக்கும் ஒரு டம்ளர் உண்டு."

சிலிண்டரை முன்பே வெளியே எடுத்திருந்தார்கள். பின்கட்டு மண் அடுப்பில் தென்னம்பாளையைச் செருகிப் பற்றவைத்தார் அங்கம்மை.

கொஞ்ச நேரத்தில் ஓட்டுக்கு மேலே புகை எழுந்தது. மழைக் காற்றில் கலையாமல் மெல்ல ஏறியது. அந்தத் தெருவில் புகை எழும்பி வெகுநாள் ஆகியிருந்தது. பேச்சி தன் சிவப்புக் குறி வீட்டு முன்னால் நின்று அந்தப் புகையையே பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு இந்நேரத்துக்கு வருவாரு" என்றாள், யாரிடமோ. அவள் வீட்டுக்காரன் இடுகாட்டில் இருந்தான்.

பால் காயும் வாசம் தெருவுக்கு வந்தது.

அப்போது உள்ளே டம்ளர்கள் சடசடவென்று விழுந்தன.

தெரு அலறியது. அங்கம்மை வாசலுக்குப் பாய்ந்து வந்தார். சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தார். செருப்பில் கால் நுழைந்ததும் தெரியவில்லை, தெருவில் நின்றதும் தெரியவில்லை. அதற்குள் தெருவே சிதறியிருந்தது. தனக்கொடி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெரு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

நிலம் அசையவில்லை. மின்கம்பி ஆடவில்லை. குட்டையில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"பூனை!" என்றாள் தனக்கொடி.

திறந்த கதவு வழியே தெரிந்தது. அடுக்களைப் பலகை மேல் ஒரு செவலைப் பூனை. பால் வாசத்துக்கு ஓட்டு வழியாக இறங்கியிருந்தது. கீழே உருளும் டம்ளர்களை அது அலட்சியமாகப் பார்த்தது.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் மாசிலாமணி எங்கே என்று தேடினார்கள். அவர் எல்லோரையும் தாண்டி, தெரு முக்கில், சீனிச்சாமியின் மூடிக்கிடந்த டீக்கடைக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சீனிச்சாமி விடுவானா?

"குருவுக்கு ஏத்த சீடன்தாம்ப்பா! சாமியாரம்மா பூனைக்கு ஓடுது, தலைவர் அந்தம்மாவையும் முந்திட்டாரு!"

தெரு வெடித்துச் சிரித்தது. பேச்சிகூடச் சிரித்தாள்.

மாசிலாமணியின் முகம் கறுத்தது. இந்தச் சிரிப்புத்தான். இத்தனை நாளும் கனவில் வந்தது இடிந்து விழும் சுவர் அல்ல. வீட்டுக்குள் போய், மறுபடி நிலம் அதிர்ந்து, மறுபடி தான் ஓடி, மறுபடி ஊர் சிரிக்கும் இந்தச் சிரிப்புத்தான். போலீஸ் தடிக்கு முன்னால் நிற்கும்போது ஒரு மரியாதை இருந்தது. இதில் அது இல்லை. கழியை விட்டுவிட்டு முகாமுக்குத் திரும்பிவிடலாம் என்று பார்த்தார். ஆனால் கண் அங்கம்மையிடமே நின்றது.

அங்கம்மை தெரு நடுவில் முழங்காலில் கை ஊன்றி நின்றார். மூச்சு வாங்கியது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பார்த்தார்கள், அந்த அம்மாவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுக்கத்தை அவர் மறைக்கவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினார்.

மாசிலாமணி விறுவிறுவென்று வந்து குறுக்கே நின்றார்.

"போதும்மா. ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிச்சு எத்தனை நாளாச்சு."

"மறுபடி அதிர்ந்தா?"

"மறுபடி ஓடி வருவேன்."

"அது நிசமாவே இருந்தா?"

"இன்னும் வேகமா ஓடி வருவேன்."

அவர் குரல் தாழ்ந்தது. இப்போது அது சனங்களுக்காகக் கேட்ட கேள்வி இல்லை.

"இத்தனை பேரு பார்க்க ஓடுனீங்களேம்மா. எந்த முகத்தோட திரும்ப உள்ள போறீங்க?"

அங்கம்மை அவரைக் கையால் மெல்ல ஒதுக்கினார்.

"வழி விடுங்க தோழரே. பால் அடுப்புல இருக்கு. பூனையும் உள்ளதான் இருக்கு."

செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார்.

தூறல் வலுத்தது. துண்டுக்குள் குழந்தை இருமியது. தனக்கொடி மாமனாரைப் பார்த்தாள். பேச்சி பார்த்தாள். சீனிச்சாமியும் பார்த்தான்.

மாசிலாமணி வாசற்படிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். குனிந்து, அங்கம்மையின் செருப்புக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.